உன் தாத்தா தோல் வியாபாரி இல்லை

என் மகனுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை காலைத் தபாலில் வந்தது. உன் அப்பா அதை வாசலில் நின்றபடியே படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு என்னிடம் நீட்டி, "அவன் ஆசைப்பட்டா அப்படியே சொல்லிடலாம்" என்றார். தோட்டத்துக்குப் போய் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். விடிய விடிய மழை பெய்து ஓய்ந்த காலை அது. செடிகளுக்குத் தண்ணீர் தேவையே இல்லை. நியாயமாகப் பார்த்தால் உனக்குப் பதில் எழுத வேண்டியவர் அவர்தான். ஆனால் போலீஸ் இலாகாவில் காலமெல்லாம் எழுதி எழுதி, அவருக்கு ரிப்போர்ட்டைத் தவிர வேறொன்றும் எழுத வராமல் போய்விட்டது. கல்யாணமான புதிதில் எனக்கு எழுதிய முதல் கடிதத்தையே ‘மேற்படி விஷயமாக’ என்று தொடங்கிய மனிதர் அவர். ஆகவே நான் எழுதுகிறேன். சுருக்கமாக எழுத எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து படி.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். எழுதும்போது சரியாகத் தோன்றுவது, இன்னொருவர் வாயால் கேட்கும்போது சில சமயம் வேறு மாதிரி இருக்கும். சனிக்கிழமை பெண் வீட்டார் வேலூருக்கு வருகிறார்கள். பெண்ணின் அப்பா ஓய்வு பெற்ற ஜட்ஜ். தெற்கத்திப் பழைய கிறிஸ்தவக் குடும்பம், ஞானஸ்நானம் பெற்று நான்கு தலைமுறை ஆகிறதாம். (நமக்கு மூன்று. ஒன்றுதான் கம்மி.) அவர்கள் குடும்பப் பூர்வீகம் விசாரிப்பார்கள். அப்போது, ‘தாத்தா பேர்ணாம்பட்டில் தோல் வியாபாரம் செய்தார் என்று மட்டும் சொன்னால் போதும், அது முழுப் பொய்யும் இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். நான் அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்த பிறகு அடுப்படியில் போய் நின்று கொஞ்சம் அழுதேன். தோல் வியாபாரமா? உன் தாத்தா விற்றது அவருடைய சொந்தத் தோலைத்தான். சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி இறங்கிப் பாதத்தில் அது மிச்சமில்லாமல் போயிருந்தது.

என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை உன்னைத் தவிக்க விட எனக்கு இஷ்டமில்லை. அப்படிச் சொல்ல மாட்டேன். உன் அப்பா சொல்வார். நீ கேட்டு அவர் இல்லை என்று சொன்ன காரியம் ஏதாவது உண்டா? அவர் சொல்லிவிடுவார், சொல்லிவிட்டு மழைக்காலத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். அதை நான் பார்த்துக்கொண்டிருக்கத் தயாராக இல்லை. உனக்கு இப்போது கோபம் வரும். வரட்டும். ‘அம்மாவுக்கு எப்போதும் பிடிவாதம்’ என்று நீ சொல்வது இங்கிருந்தே கேட்கிறது. கோபம் தணிந்த பிறகு மேலே படி.

அடுத்த மாதம் நீ ஒரு சப் டிவிஷனுக்குப் பொறுப்பேற்கப் போகிறாய். உன் அப்பா சப்-இன்ஸ்பெக்டராக ஆரம்பித்து, தலை நரைத்த பிறகு எட்டிய டெபுடி சூப்பரிண்டெண்டு நாற்காலியில் நீ மீசை சரியாக முளைப்பதற்குள் உட்காரப் போகிறாய். பரீட்சை எழுதி வாங்கிய நாற்காலி. எனக்குப் பெருமை இல்லை என்று நினைத்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யாராவது உன்னைப் பற்றி விசாரித்தால், கேட்டதற்கு மேல் நாலு வாக்கியம் ஜாஸ்தியாகவே சொல்லிவிட்டு வருகிறேன். போலீஸ் பயிற்சிப் பள்ளிக்கூடத்தில் உனக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், குதிரை ஏறச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், துரைமாரோடு உட்கார்ந்து சாப்பிடும்போது எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது என்றுகூடச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் சொல்லப் போவது, ஒரு போலீஸ் அதிகாரியின் வீட்டுக்குள் இருந்துகொண்டு நான் பார்த்தது.

கீழே இருக்கும்போது திருடனைப் பிடித்தால் போதும். மேலே போகப் போகத் திருடன் கண்ணிலேயே படமாட்டான். உன் கண்ணில் படுவது உன் ஆட்கள்தான். அவர்கள் யாரை அடிக்கிறார்கள், யாரிடம் வாங்குகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், எந்த உத்தரவுக்கு மனசுக்குள் முறுக்கிக்கொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. உன் அப்பா முதன்முதலாக நாட்றம்பள்ளிப் பக்கம் பொறுப்பில் போனபோது, ஸ்டேஷனுக்குள் போவதற்கு முன்னால் கான்ஸ்டபிள்கள் குடியிருக்கும் போலீஸ் லைனுக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். கிணற்றில் தண்ணீர் இல்லை. கான்ஸ்டபிள் பெண்டாட்டிகள் ரொம்ப தூரம் போய்ச் சுமந்து வந்தார்கள். அதைச் சரி செய்த பிறகுதான் மற்ற வேலையைத் தொட்டார். எனக்கு அப்போது கோபம். வீட்டுச் சாமான் எல்லாம் வண்டியிலேயே கிடக்கிறது, இவர் ஊரான் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று. லைனில் தண்ணீர் இல்லாத ஏட்டு சந்தையில் வந்து யார் மேலாவது கையை வைப்பான் என்றார். அது எனக்குப் புரிய நாளாயிற்று.

இப்போது உன் தாத்தா. அவர் பெயர் யாக்கோபு. உனக்குப் பெயர் தெரியும், தோலில் வேலை பார்த்தவர் என்பதும் தெரியும். மற்றது தெரியாது, ஏனென்றால் நாங்கள் சொல்லவில்லை. பேர்ணாம்பட்டில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை. உப்புப் போட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு, மயிர் கழன்று வரும் பக்குவத்தில் வெளியே எடுப்பார்கள். எடுக்கிறவன் குழிக்குள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். காலில் எண்ணெயைப் பூசிக்கொண்டு இறங்குவார்கள். பூசினாலும் சுண்ணாம்பு தின்னும். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனபோது, அவர் காலில் நகம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அந்தக் காலோடு தினமும் நடந்து போய்ப் பாதிரியார் வீட்டு வாசலில் நின்று, பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டவர் அவர். பையனும் சும்மா இல்லை. லீவு நாட்களில் அப்பாவோடு குழியில் இறங்கினான். அந்தப் பையன்தான் உன் அப்பா. உன் ஆயா, அப்பாவைப் பெற்றவள், வேலூர் லாங் பஜாரில் புடவை வாங்கப் போனால் கடைக்கு வெளியே தெருவில் நின்றுதான் வாங்குவாள். அதே கடைக்குப் பிற்பாடு நான் இன்ஸ்பெக்டர் பெண்டாட்டியாகப் போனபோது, கடைக்காரர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். நான் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

உத்தியோகத்தில் யாரும் நேராகக் கேட்கவில்லை. நல்ல இங்கிலீஷ் பேசுகிறார், சட்டை மடிப்புக் கலையாமல் வருகிறார், இந்தியக் கிறிஸ்தவர், அப்பா உபாத்தியாயராக இருந்திருப்பார் என்று அவர்களாகவே எண்ணிக்கொண்டார்கள். உபாத்தியாயர் என் அப்பாதான். யாராவது விசாரித்தால் நான் என் பிறந்த வீட்டைப் பற்றியே பேசி, அப்படியே மீன் குழம்புக்குப் பேச்சைத் திருப்பிவிடுவேன். ஆகவே நீ இன்று கேட்பது ஒன்றும் புதிதல்ல. எங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறாய். ஆனால் நாங்கள் அதை ஓர் இடத்தில் நிறுத்தினோம். நீ அப்போது சென்னையில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

உன் அப்பா ஆம்பூரில் சர்க்கிள் இன்ஸ்பெக்டராக இருந்தபோது அங்கே ஒரு டேனரியில் வேலைநிறுத்தம் நடந்தது. குழியில் வேலை செய்த ஓர் ஆளுக்குச் சுண்ணாம்பு தெறித்து ஒரு கண் போய்விட்டது. முதலாளி அவனை இனி வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அவனைத் திரும்ப எடுத்தால்தான் வேலைக்கு வருவோம் என்று எல்லோரும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி ஒரு சாயபு, கெட்டவர் இல்லை. ஒரு தடவை முடியாது என்று சொல்லிவிட்டார், சொன்ன இடத்திலிருந்து இறங்கி வர வழி தெரியவில்லை. மற்ற தொழிலாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரு மாதம் வீம்பு பிடிக்கலாம். தோல் அப்படிக் காத்திருக்காது. நாள் தாண்டினால் குழிக்குள்ளேயே நைந்து கூழாகிவிடும். வெளியூர் ஆட்களைக் கூட்டி வரப் பார்த்தார்கள். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான், ஒருவனும் வரவில்லை. முதலாளி ஜில்லா சூப்பரிண்டெண்டு துரையிடம் போய் நின்றார்.

துரையிடமிருந்து உத்தரவு வந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் தோல் வெளியே வந்தாக வேண்டும். உள்ளே இருக்கும் கான்ஸ்டபிள்களை வைத்தே எடுக்கலாம். எடுக்க முடியாவிட்டால், கேட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை அடித்துக் கலைத்துவிட்டு, அதில் அகப்படும் ஆட்களை வைத்து எடுக்க வேண்டும். உன் அப்பாவோடு ரிசர்வ் போலீஸார் துப்பாக்கியோடு இருந்தார்கள். கூட்டத்தில் பெண்களும் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். நான் அங்கே இல்லை. எங்கள் வீட்டு ஆர்டர்லி கான்ஸ்டபிள் அங்கே இருந்தான், அவன் சொன்னதையும் உன் அப்பா பல வருஷத்தில் துண்டு துண்டாகச் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் அவர் கான்ஸ்டபிள்களை உள்முற்றத்தில் நிற்கவைத்து, தோலை வெளியே எடுத்துப் போடச் சொன்னார். யாரும் அசையவில்லை. மரியாதைக் குறைவாக எதுவும் நடக்கவில்லை, கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்கள். அவ்வளவுதான். செத்த மாட்டின் தோல். அதைத் தொட்டுவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? ஏட்டு வயதானவர், உன் அப்பாவுக்காக உயிரைக் கொடுப்பேன் என்று எப்போதும் சொல்கிறவர். அவர் ஓர் அடி முன்னால் வந்து மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, சுடச் சொல்லுங்க, சுட்டுட்றோம். இதுல கைய வெக்கச் சொல்லாதீங்க."

இதை இன்னொரு தடவை படி. இவர்கள் நல்ல மனிதர்கள். பொங்கலுக்குக் கரும்பு கொண்டு வந்து கொடுக்கிறவர்கள், லீவுக்கு வந்த உனக்குச் சைக்கிள் விடக் கற்றுக் கொடுத்ததுகூட அந்த ஏட்டுதான். மனிதனைச் சுடுவதற்குத் தயார், மாட்டுத் தோலைத் தொடுவதற்குத் தயாரில்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் செத்துக் கிடப்பதுபோல ஒரு நிமிஷம் கண்ணுக்குத் தெரிந்தது என்று உன் அப்பா சொன்னார். ஏட்டை அதட்டியிருக்கலாம். ஒழுங்கு நடவடிக்கை என்று மிரட்டியிருக்கலாம். மிரண்டுபோன ஆட்கள் துப்பாக்கியோடு கேட்டுப் பக்கம் போயிருப்பார்கள், அங்கே ஒரு கல் விழுந்திருந்தால் போதும்.

அவர் குழி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றினார். காலில் சுற்றியிருந்த பட்டியை அவிழ்த்துச் சுருட்டி வைத்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு எண்ணெய் கொண்டுவரச் சொன்னார். விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயை அவன் கொண்டுவந்து கொடுத்தான். அதை வாங்கி, கால் விரல் இடுக்கிலிருந்து தொடங்கி அரைக்கால் சட்டை விளிம்பு வரை ஓர் இடம் விடாமல் தேய்த்தார். சும்மா வேடிக்கை பார்த்த மனிதன் அப்படித் தேய்க்க மாட்டான். ஏட்டுக்கு அப்போதே விளங்கிவிட்டது என்று ஆர்டர்லி சொன்னான், அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். உன் அப்பா குழிக்குள் இறங்கினார். தோலைக் கழுத்துப் பக்கமாகப் பிடித்து மடித்து, முழங்காலைக் கொடுத்து மேலே தள்ளினார். ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. இத்தனை வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு, மூச்சு வாங்கியதாம். ஆனால் கை மறக்கவில்லை.

கேட்டுக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்த ஒரு பெரியவர் எழுந்து கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். யாரும் தடுக்கவில்லை. குழி ஓரத்தில் வந்து நின்று, "ஐயா, நீங்க யாரு ஊட்டுப் புள்ள?" என்று கேட்டார்.

யோசித்துப் பார். பதில் சொல்லாமல் இருக்கலாம். அதிகாரியை அப்படிக் கேட்க இவன் யார் என்று கோபித்துக்கொள்ளலாம். நாங்கள் இத்தனை வருஷம் காபாந்து பண்ணி வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு பதிலில் இருந்தது. அவருடைய ஆட்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பேர்ணாம்பட்டு யாக்கோபு மகன். எங்கப்பா சுண்ணாம்புக் குழிலதான் இருந்தாரு. நானும் எறங்கியிருக்கேன்" என்றார்.

பெரியவர் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். மேலே ஏறுங்கள், கண்ணில் தெறித்தால் போச்சு, நாங்களே எடுத்துப் போடுகிறோம் என்றார். ஆனால் ஒரு கண்டிஷன். தோலைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் காப்பாற்றுவதோடு சரி, கண் போனவனுக்கு ஒரு வழி செய்கிற வரைக்கும் மேல் வேலை எதுவும் நடக்காது. உன் அப்பா அதை அப்படியே முதலாளியிடம் சொன்னார். தோலைக் காப்பாற்றுவது என் வேலை, அது முடிந்துவிட்டது, உங்கள் ஆட்களோடு பேச வேண்டியது உங்கள் வேலை, அதற்கு நான் போலீஸ் தர மாட்டேன் என்றும் சொன்னார். சாயபு இறங்கி வருவதற்கு அது போதுமானதாக இருந்தது. கண் போன ஆளைக் கேட் வாட்ச்மேனாக எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் ஓர் அடி விழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் காலைப் பார்த்து நான் கத்திவிட்டேன். முழங்காலுக்குக் கீழே வெந்து வெளுத்திருந்தது. தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டேன். "ஏன் சொன்னீங்க? பேசாம தோலை மட்டும் எடுத்துட்டு வந்திருக்கலாமே" என்று கேட்டேன். எனக்கு அப்போது லாங் பஜார் நாற்காலிதான் ஞாபகத்தில் இருந்தது போலிருக்கிறது. "கேட்டாரே" என்றார். அவ்வளவுதான் பதில்.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் உன் கடிதத்துக்கும் என் கடிதத்துக்கும் வித்தியாசம் இருக்காது. தாசில்தார் வீட்டு அம்மாள் நவராத்திரிக்கு என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினாள். ஆர்டர்லி வேறு வீட்டுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டான். ஏட்டு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெயிலில் வந்து நிற்பார், செம்பைக் கொண்டுபோய் நீட்டினால், "இப்பதாம்மா குடிச்சேன்" என்பார். நாங்கள் அந்த ஊரைவிட்டுப் போகும் வரை குடிக்கவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு உன் அப்பாவின் எந்த உத்தரவுக்கும் அவர் தயங்கியதும் இல்லை. அது போதும் என்பார் உன் அப்பா. எனக்குப் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை. அந்த நாட்களில் என் வீட்டுக்கு வந்து என் கையால் வாங்கிச் சாப்பிட்ட ஒரே பெரிய வீட்டுப் பெண், அந்த டேனரி முதலாளியின் மனைவிதான். திரை போட்ட மாட்டு வண்டியில் வந்து இறங்கினாள். ஊரே பேஜார் பண்ணுகிறதாமே என்று விசாரித்துவிட்டு, தட்டில் இருந்த பணியாரத்தை ஒன்று விடாமல் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அவளை நான் மறக்க மாட்டேன்.

இதில் உன் உத்தியோகத்துக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. உத்தரவை மீறிய கான்ஸ்டபிள்கள் மேல் உன் அப்பா ரிப்போர்ட் எழுதவில்லை. எழுதியிருந்தால் அத்தனை பேருக்கும் வேலை போயிருக்கும். துரை கூப்பிட்டு, ஆட்களை வைத்து ஏன் எடுக்கவில்லை என்று கேட்டபோது, தன்னாலேயே முடிகிற வேலையாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தார். "உங்களை அவமானப்படுத்தினவங்களை எதுக்குக் காப்பாத்தறீங்க?" என்று நான் சண்டை போட்டேன். அவர்கள் பயந்துவிட்டார்கள், அவமானப்படுத்தவில்லை, பயந்தவனைத் தண்டித்தால் அடுத்த தடவை அவன் பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் சுட்டுவிடுவான் என்றார். அந்த நேரத்தில் அவர் எனக்கு முட்டாளாகத் தெரிந்தார். அதற்குப் பிறகு மூன்று ஊரில் கலவரம் மூளும் என்று எதிர்பார்த்த இடங்களுக்கெல்லாம் அவரைத்தான் அனுப்பினார்கள். ஒரு குண்டுகூடச் சுடாமல் திரும்பி வந்தார். டெபுடி சூப்பரிண்டெண்டு உத்தியோகம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. இந்த வேலையில் நீ செய்தது பேப்பரில் வரும். நடக்காமல் தடுத்தது எதிலும் வராது. அதைப் பெண்டாட்டிக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று இருக்கப் பழகிக்கொள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ அந்தப் பொய்யைச் சொன்னால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. கல்யாணம் நடக்கும், விருந்து நடக்கும், ஜட்ஜ் உன் தோளைத் தட்டுவார். ஆனால் ஆம்பூரில் அந்த முற்றத்தில் நின்ற கான்ஸ்டபிள்களில் பாதிப் பேர் இன்னும் இலாகாவில் இருக்கிறார்கள். போலீஸ் லைனில் ரகசியம் தங்காது, நம் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். உன் தாத்தா யார் என்று உன் ஏட்டுக்குத் தெரிந்திருக்கும், உன் மாமனாருக்குத் தெரியாது. உன்னிடம் தப்பு செய்து மாட்டிக்கொண்ட ஒருவன் வந்து, ஐயா மாமனார் வீட்டில் சௌக்கியமா என்று மட்டும்தான் கேட்பான். அந்த நிமிஷத்திலிருந்து அவன் உனக்கு மேலதிகாரி. எத்தனை பேருக்குத் தெரியுமோ அத்தனை மேலதிகாரிகள். லஞ்சம் வாங்காதே என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ வாங்க மாட்டாய். ஆனால் இதுவும் அது மாதிரிதான், கையைக் கட்டிப் போட்டுவிடும்.

அந்தப் பெண்ணை நான் ஒருமுறை கோயிலில் பார்த்துப் பேசியிருக்கிறேன். உனக்குத் தெரியாது, நீ அவளைப் பற்றி எழுதிய உடனே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மாக்கள் அப்படித்தான். வெடுக்கென்று பேசுகிற பெண், கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்கிறாள். எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்காகத்தான் நீ பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும், அவளை இழந்துவிடுவோமோ என்று. இழக்கலாம். அதை மறைத்து உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் நான்கு தலைமுறையாகப் பைபிளை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே ஜாதியையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜட்ஜ் எழுந்து போய்விடலாம். அப்படிப் போனால் உனக்கு நெஞ்சு வலிக்கும், எனக்கும் வலிக்கும், கொஞ்ச நாள் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டோம். ஆனால் அவள் உன்னைத் தெரிந்து கட்டிக்கொள்ளட்டும். உன்னைப் போல உடுத்திக்கொண்ட வேறு யாரையோ கட்டிக்கொண்டு, பிறகு ஒருநாள் கான்ஸ்டபிள் பெண்டாட்டி வாயால் உன்னைத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

சனிக்கிழமை நடக்கப் போவதைச் சொல்லிவிடுகிறேன், நீ திட்டம் போட்டுக்கொள்ள வசதியாக இருக்கும். நீ வெள்ளிக்கிழமையே ரயிலேறி வந்துவிடு. அவர்கள் வந்து உட்காருவார்கள். பலகாரம் ரெடியாக இருக்கும், அதில் குறை வைக்க மாட்டேன். பேச்சு பூர்வீகத்துக்கு வரும். அப்போது முதலில் நீ சொல். உனக்கு அவகாசம் கொடுப்பேன், காபி ஆற்றுகிற சாக்கில் கொஞ்சம் தாமதம்கூடச் செய்வேன். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். என் மாமனார் பெயர் யாக்கோபு, பேர்ணாம்பட்டில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார் என்று, குரலை உயர்த்தாமல், ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். யார் வாயிலிருந்து அது வந்தாலும், உன் அப்பா ஜட்ஜின் முகத்தைப் பார்க்க மாட்டார். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மா